அப்பாவின் பஹ்ரேன் விமானப் படங்கள்: கழுவுவதற்கு முன் வாசியுங்கள்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய தந்தையார் எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து தொண்ணூறுகளின் தொடக்கம் வரை பஹ்ரேன் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் பிரிவில் வேலை செய்தவர். விமானங்களைப் படம் பிடிப்பதில் அவருக்குத் தீராத ஆசை இருந்திருக்கிறது. அவர் காலமான பின்பு றங்குப்பெட்டியைத் திறந்தபோது ஸ்லைட்டுகளும் நெகற்றிவ் சுருள்களும் ஒட்டும் தாள் அல்பம் ஒன்றும் கிடைத்திருக்கின்றன. பல ஸ்லைட்டுகளில் வெள்ளை நூல் போன்ற பூஞ்சணம் படர்ந்துள்ளது. நகரிலுள்ள ஸ்டூடியோ ஒன்றில் எல்லாவற்றையும் கழுவிக் கறை நீக்கி, வானத்தை நீலமாக்கித் தருவதாகச் சொல்கிறார்களாம். கொடுக்கலாமா, எந்தப் படம் எந்த ஆண்டு எடுக்கப்பட்டது என்று எப்படி அறிவது, அப்பாவைப் போலத் தானும் சீனக்குடாவில் விமானங்களைப் படம் பிடிக்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். பூஞ்சணம் பிடித்த ஸ்லைட்டைத் தண்ணீரில் கழுவுவதைப் போல ஆபத்தான வேலை வேறில்லை. படத்தைத் தாங்கி நிற்கும் மேற்பூச்சு ஜெலற்றினால் ஆனது; பூஞ்சணம் அதையே உணவாகக் கொள்கிறது. அப்படி அரிக்கப்பட்ட ஜெலற்றின் தண்ணீரில் கரையக்கூடியதாக மாறிவிடுவதால், ஈரத் துணி பட்ட மாத்திரத்தில் கறையோடு சேர்ந்து விமானத்தின் வாலும் போய்விடும். துடைத்தே ஆகவேண்டும் என்றால், தண்ணீர் கலவாத பிலிம் துப்புரவுத் திரவத்தையோ 98 சதவீதத்திற்கு மேல் தூய்மையான ஐசோபுரோப்பைல் அல்கஹோலையோ பயன்படுத்த வேண்டும். அதையும் முக்கியமில்லாத ஒரு ஸ்லைட்டில் சோதித்துப் பார்த்த பின்னரே செய்ய வேண்டும். மருந்துக்கடைகளில் கிடைக்கும் 70 சதவீதக் கலவையில் மீதி தண்ணீர் என்பதால் அது உதவாது.

வேலையின் ஒழுங்கு இப்படி இருக்கட்டும்: முதலில் வாசிப்பது, பிறகு உலர்த்துவது, பிறகு பிரதி எடுப்பது, கடைசியாகத் துப்புரவு. வாசிப்பது என்று நான் சொல்வது படத்தை மட்டுமன்று. ஸ்லைட்டின் அட்டைச் சட்டம், நெகற்றிவ் ஓரத்து எழுத்துகள், அவை அடுக்கப்பட்டிருந்த வரிசை ஆகிய எல்லாமே சாட்சிகள். சட்டத்தைக் கழற்றி வீசிவிட்டுப் படத்தை மட்டும் பளபளப்பான பிளாஸ்ரிக் உறையில் போட்டுத் தரும் கடைகள் இருக்கின்றன. அந்த நொடியிலேயே பாதி வரலாறு குப்பைக்குப் போய்விடுகிறது. ஆகவே பெட்டியைத் திறந்ததும், எதையும் இடம் மாற்றாமல், கைத்தொலைபேசியால் ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுத்து, ஒவ்வோர் உறைக்கும் பென்சிலால் ஓர் இலக்கம் இடுங்கள்.

கோடக் ஆய்வுகூடங்களில் கழுவப்பட்ட கோடக்ரோம் என்னும் கோடக் வண்ண ஸ்லைட்டுகளின் அட்டைச் சட்டத்தில் பெரும்பாலும் மாதமும் ஆண்டும் பதிக்கப்பட்டிருக்கும். சாய்த்துப் பிடித்தால் மை மங்கிய அச்சும் தெரியும். ஆனால் அது கழுவிய மாதமே தவிர, படம் எடுத்த மாதமன்று. சம்பளத்தை மிச்சம் பிடித்துப் படம் எடுத்த ஒருவருடைய கமெராவில் ஒரு சுருள் பல மாதங்கள் கிடந்திருக்கக்கூடும். எனவே அந்தத் திகதியை 'இதற்குப் பிந்தியதல்ல' என்ற எல்லையாகவே கொள்ள வேண்டும்.

அடுத்தது விமானமே சொல்லும் சாட்சி. அப்படங்கள் எடுக்கப்பட்ட பஹ்ரேன் விமான நிலையம் அமைந்துள்ள முஹர்ரக் தீவு அக்காலத்தில் எத்தகைய சந்தியாக இருந்தது என்பதை இன்றைய இளையவர்கள் நம்ப மாட்டார்கள். ஐரோப்பாவிலிருந்து தூர கிழக்கிற்கும் அவுஸ்திரேலியாவிற்கும் பறந்த விமானங்கள் எரிபொருளுக்காக வழியில் இறங்கியே ஆகவேண்டிய காலம் அது. பஹ்ரேன் அந்தப் பாதையில் அமைந்திருந்தது. பிரிட்டிஷ் எயார்வேஸின் கொன்கோர்ட் என்ற ஒலியைவிட வேகமான விமானம் தனது முதலாவது வர்த்தகப் பயணத்தை 1976 ஜனவரி 21 அன்று இலண்டனிலிருந்து பஹ்ரேனுக்கே மேற்கொண்டது. 1989ல் சேவைக்கு வந்த போயிங் 747-400 போன்ற நெடுந்தூர விமானங்கள் வழித்தரிப்பைத் தேவையற்றதாக்கின. 1985 ஒக்டோபரில் தொடங்கிய எமிரேட்ஸ் விமான நிறுவனம் டுபாயைப் புதிய சந்தியாக வளர்த்தது. நான்கு நாடுகளின் பொதுச் சொத்தாக இருந்த கல்ஃப் எயாரிலிருந்து 2002ல் கட்டாரும், 2005ல் அபுதாபியும், 2007ல் ஓமானும் விலகின. 2021 ஜனவரியில் அங்கு புதிய முனையக் கட்டடமும் திறக்கப்பட்டுவிட்டது. உங்கள் அப்பா நின்று படம் எடுத்த தரிப்பிடத்தை அன்று இருந்தபடி இனி யாரும் படம் எடுக்க முடியாது. ஆகவே விமானம் தனித்து அழகாக நிற்கும் படத்தைவிட, பக்கத்தில் இழுவை இயந்திரமும் எரிபொருள் வண்டியும் வேலையாட்களும் நெருக்கியடித்து நிற்கும் படத்தையே நான் மேலாக மதிக்கிறேன். விமானத்தின் படம் உலகில் வேறு யாரிடமாவது இருக்கும். அந்தத் தரிப்பிடத்தில் அன்று வேலை செய்தவர்களின் படம் வேறு யாரிடமும் இருக்காது.

நீங்கள் அனுப்பிய மாதிரிப் படத்தை எடுத்துக்கொள்வோம். கல்ஃப் எயாரின் பொன்னிறப் பருந்து வாலில் தெரிகிறது. மூன்றாவது இயந்திரம் வாலின் அடியில், உடலின் கடைக்கோடியில் புதைந்திருக்கிறது. அதற்குக் காற்று செல்லும் வாய் மட்டும் மேலே தெரிகிறது. வாலை ஊடறுத்து இயந்திரம் நேராகச் செல்லுமானால் அது டிசி-10 என்ற மற்றொரு மூன்று இயந்திர விமானம். இங்கே அப்படியில்லை, எனவே இது லொக்ஹீட் ட்ரைஸ்டார். உடலின் பின்பகுதியில் உள்ள பதிவிலக்கத்தைச் சரக்கு வண்டி மறைத்துவிட்டது என்று வருந்தியிருக்கிறீர்கள். மூக்குச் சக்கரத்தை மூடும் சிறு கதவைப் பாருங்கள். பல நிறுவனங்கள் பதிவிலக்கத்தின் கடைசி எழுத்துகளை அந்தக் கதவிலும் எழுதி வைப்பதுண்டு. கைத்தொலைபேசிப் படத்தில் அங்கே இரண்டு எழுத்துகள் இருப்பது மட்டும் தெரிகிறது; நல்ல பிரதி எடுத்தால் வாசித்துவிடலாம். பிறகு கண்டுபிடிக்கும் முழு இலக்கம் 'ஏ4ஓ' என்று தொடங்குமானால், படம் மஸ்கட்டில் எடுக்கப்பட்டதோ என்று குழம்ப வேண்டாம். அது ஓமானின் குறியீடுதான். கல்ஃப் எயார் பங்காளி நாடுகளின் நிறுவனம் என்பதால் அதன் ட்ரைஸ்டார்கள் ஓமானில் பதியப்பட்டிருந்தன. பஹ்ரேனின் குறியீடு 'ஏ9சி', இலங்கையினுடையது '4ஆர்', இந்தியாவினுடையது 'விடி'.

வண்ணப்பூச்சைக் கொண்டு காலத்தைக் கணிக்கும்போது ஒரு விதியை மறக்கக்கூடாது. புதிய வண்ணம் 'இதற்கு முந்தியதல்ல' என்பதை உறுதியாகச் சொல்லும். பழைய வண்ணமோ 'இதற்குப் பிந்தியதல்ல' என்பதைச் சொல்லாது. பிரிட்டிஷ் எயார்வேஸ் 1984 டிசம்பரில் புதிய வண்ணத்தை அறிவித்தது. ஆனால் எல்லா விமானங்களையும் ஒரே நாளில் யாரும் பூசி முடிப்பதில்லை. இதற்கு மாறாக, அழிந்துபோன விமானங்கள் மேல் எல்லையை ஐயத்துக்கு இடமின்றித் தருகின்றன. எயார் இந்தியாவின் முதலாவது 747 ஆன 'விடி-ஈபிடி' 1978 ஜனவரி 1 அன்று பம்பாய்க் கடலில் விழுந்தது. அதே நிறுவனத்தின் 'கனிஷ்கா' என்ற 747 1985 ஜூன் 23 அன்று அத்திலாந்திக்கின் மேல் வெடித்துச் சிதறியது. எயார் லங்காவின் '4ஆர்-யூஎல்டி' ட்ரைஸ்டார் 1986 மே 3 அன்று கட்டுநாயக்கவில் குண்டுவெடிப்பில் அழிந்தது. இவற்றில் ஒன்று உங்கள் பெட்டியில் இருக்குமானால் அந்தச் சுருள் முழுவதற்கும் காலம் நெருங்கிவிடும். இரு பக்க எல்லையும் ஒருசேரக் கிடைக்கும் அரிய படம் ஒன்றும் உண்டு. 'ஜி-பிஓஏடி' என்ற கொன்கோர்ட், பஹ்ரேன் வழியாகச் சிங்கப்பூர் சென்ற சேவைக்காக இடப்பக்கத்தில் சிங்கப்பூர் எயார்லைன்ஸ் வண்ணத்தையும் வலப்பக்கத்தில் பிரிட்டிஷ் எயார்வேஸ் வண்ணத்தையும் தாங்கியிருந்தது. 1977 டிசம்பருக்கும் 1980 நவம்பருக்கும் இடைப்பட்ட காலத்திற்கே உரிய கோலம் அது. பாலைவன இளஞ்சிவப்பு பூசிய ரோர்னாடோ போர் விமானங்கள் தூரத்தில் நிற்குமானால் அது 1990–91 வளைகுடாப் போர்க்காலம்.

நிழலும் உதவும், ஆனால் நம்மூர் வழக்கத்தை அங்கே பொருத்தக்கூடாது. திருகோணமலையில் ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் இறுதி வரை நண்பகல் நிழல் தெற்கே விழும். பஹ்ரேன் கடகக் கோட்டுக்கு வடக்கே இருப்பதால், அங்கே நண்பகல் நிழல் ஆண்டு முழுவதும் வடக்கேதான் விழும். குட்டையான நிழல் விழும் பக்கத்தைக் கண்டாலே படத்தில் வடக்கு எது என்று தெரிந்துவிடும். அதிலிருந்து அப்பா எந்தத் திசையைப் பார்த்து நின்றார் என்பதும் புலப்படும். வேலையாட்கள் குளிர்ச்சட்டை அணிந்திருந்தால் மார்கழி, தை மாதங்களாக இருக்கலாம்.

உலர்த்துவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம்மூரின் மாரி காலத்து ஈரப்பதனில் பூஞ்சணம் தானாகவே வளரும். கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் பெட்டியைத் திறந்து வேலை செய்வதே உகந்தது. வெயிலில் காய வைக்க வேண்டாம், சாயம் மங்கிவிடும். இறுக மூடும் உணவுப் பெட்டியில், ஈரம் உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல் மணிகளோடு ஸ்லைட்டுகளை வையுங்கள்; மணிகள் நிறம் மாறியதும் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். பூச்சி உருண்டைகளை அருகில் வைக்கக்கூடாது. பிவிசி உறைகளைத் தவிர்த்துப் பொலிப்புரோப்பிலீன் உறைகளை வாங்குங்கள். ஒட்டும் தாள் அல்பத்திலிருந்து படங்களைப் பிய்த்தெடுக்காமல், பல் இடுக்கில் பயன்படுத்தும் மெல்லிய நூலைப் படத்தின் அடியில் செலுத்தி மெதுவாக அறுத்து எடுக்கலாம். அதற்கும் படம் வர மறுத்தால், அல்பத்தில் இருந்தபடியே பிரதி எடுத்துவிடுங்கள்.

பிரதி எடுக்க ஸ்டூடியோவின் உதவியை நாடலாம். ஆனால் என்ன கேட்பது என்று தெரிந்து போகவேண்டும். 24க்கு 36 மில்லிமீற்றர் சட்டகத்தை அங்குலத்திற்கு 4000 புள்ளி என்ற அளவில் ஸ்கான் செய்தால் ஏறத்தாழ 21 மில்லியன் புள்ளிகள் கிடைக்கும்; மூக்குக் கதவின் எழுத்தை வாசிக்க அது போதும். சுருக்கப்படாத டிஃப் (TIFF) கோப்பாகக் கேளுங்கள். தூசியை அகச்சிவப்பு ஒளியால் தானாக நீக்கும் வசதியைக் கோடக்ரோமிலும் கறுப்பு வெள்ளை நெகற்றிவிலும் அணைத்து வைக்கச் சொல்லுங்கள். அது அவற்றில் உண்மையான விவரங்களையும் தூசி என்று எண்ணி அழித்துவிடும். மேற்பூச்சு மங்கலாகத் தெரியும் பக்கம் எது என்று பாராமல் ஸ்லைட்டைத் திருப்பிப் போட்டுவிடுவது வழக்கமான பிழை. பதிவிலக்கம் நேராக வாசிக்கப்படுகிறதா என்று பார்த்தாலே அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

வானத்தை நீலமாக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. பஹ்ரேனின் வானம் பல நாட்களில் புழுதியால் வெளிறித்தான் இருக்கும். நிறம் மங்கியது எது, புழுதி எது என்று தெரியாமல் நீலம் பூசினால் அது வேறோர் ஊராகிவிடும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளால் படத்தைக் கூர்மையாக்குவது இதைவிட மோசம். மங்கலான எழுத்தைக் கண்டதும் அவை தாமாகவே ஓர் எழுத்தை வரைந்து தருகின்றன. இல்லாத பதிவிலக்கம் ஒன்று அப்படித்தான் பிறக்கிறது. நிறத் திருத்தம் வேண்டுமென்றால் ஒரு நகலில் செய்துகொள்ளுங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் வைத்து, ஒரு பிரதியை வெளியூரில் இருக்கும் உறவினரிடமும் கொடுத்து வையுங்கள்.

சீனக்குடா விமானப்படைத் தளம் என்பதை நீங்கள் அறிவீர்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய அந்த ஓடுதளம் விமானப் படப்பிடிப்பாளர் எவரையும் ஈர்க்கும். ஆனால் வேலியோரத்தில் நின்று கமெராவை நீட்டுவது உங்களைத் தேவையற்ற விசாரணைக்கு உள்ளாக்கும். தளத்திற்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, நாளும் இடமும் குறிப்பிட்ட அனுமதி பெற்ற பின்பே செல்லுங்கள். ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி வேண்டும். அந்தச் சுற்றாடலில் அதை எண்ணிப் பார்க்கவே வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட அவசரமானது அப்பாவுடன் வேலை செய்தவர்களைத் தேடிப் போவது. மூதூரிலும் கிண்ணியாவிலும் நகரத்திலும் அக்காலத்தில் வளைகுடா சென்று திரும்பிய மாமாமார் இன்றும் இருப்பார்கள், அவர்களுக்கு வயதாகிறது. ஸ்கான் செய்து முடியும்வரை காத்திராமல், கைத்தொலைபேசியில் எடுத்த பிரதிகளைப் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுபோங்கள். "இது எண்பத்துநாலா?" என்று நீங்களே ஆண்டைச் சொல்லிவிடாதீர்கள், சொன்னால் ஆமென்பார்கள். படத்தை முன்னால் வைத்து, "மாமா, இந்த வண்டியை ஓட்டினது ஆர், இது எந்தப் பக்கத் தரிப்பிடம், அப்போது நீங்கள் பகல் முறையா இரவு முறையா" என்று கேளுங்கள். அவர்களுடைய சம்மதத்தோடு குரலைப் பதிவு செய்து, அந்தப் பதிவின் கோப்புக்கும் நீங்கள் உறையில் இட்ட அதே இலக்கத்தைக் கொடுங்கள்.