ஏற்றியவரே இறக்கவும் வேண்டும்

கேள்வி: எதிர் வீட்டு மாடியில் சென்ற ஆகஸ்டில் கட்டிய தேசியக் கொடி இன்னும் அங்கேயே இருக்கிறது. வெளுத்து, ஓரம் கிழிந்து தொங்குகிறது. கேட்டால், "இரவு பகலாகப் பறக்கவிடலாம் என்று அரசே சொல்லிவிட்டது. சுப்ரீம் கோர்ட்டே உரிமை கொடுத்திருக்கிறது" என்கிறார் வீட்டுக்காரர். அவர்மீது போலீசில் புகார் கொடுக்கலாமா?
(திருச்சி வாசகர் ஒருவர்)

பதில்: அவர் சொன்ன இரண்டும் உண்மை. ஆனால் இரண்டிலும் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

தொழிலதிபர் நவீன் ஜிண்டால் தன் தொழிற்சாலையில் கொடியேற்றியதை அதிகாரிகள் தடுத்தார்கள். அவர் தொடுத்த வழக்கில் 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தேசியக் கொடியைப் பறக்கவிடுவது குடிமகனின் அடிப்படை உரிமை என்றது. அதே தீர்ப்பு, அதை மரியாதையோடும் கண்ணியத்தோடும் செய்ய வேண்டும் என்றும், இந்த உரிமை நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்றும் சொல்கிறது. உங்கள் எதிர் வீட்டுக்காரர் அதுவரை படிக்கவில்லை போலிருக்கிறது.

இரவு விஷயமும் அப்படித்தான். சூரியன் உதித்த பிறகு ஏற்றி, மறைவதற்குள் இறக்க வேண்டும் என்று இருந்ததை 2022 ஜூலையில் திருத்தினார்கள். வீடுகளில் இரவும் பறக்கலாம் என்றானது. ஆனால் சேதமடைந்த கொடியைப் பறக்கவிடக் கூடாது என்ற விதியில் யாரும் கை வைக்கவில்லை. 2002 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தியக் கொடி விதிகளில் அது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. இரவில் இறக்க வேண்டியதில்லை என்பதற்கு, இறக்கவே வேண்டியதில்லை என்று பொருள் இல்லை.

கதர் மட்டுமே என்றிருந்த நிலை மாறி, 2021 டிசம்பரில் பாலியெஸ்டருக்கும் இயந்திரத்தில் நெய்த துணிக்கும் அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டு தபால் நிலையத்தில் 25 ரூபாய்க்குக் கொடி கிடைத்தது. ஏழை வீட்டுக் கூரையிலும் மூவர்ணம் பறந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் வாங்கியவர்களுக்குப் பராமரிக்க யாரும் சொல்லித் தரவில்லை. கேபிள் டிவி கம்பியில் கட்டிய கொடியை ஆறு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். காற்றில் அடித்துக்கொண்டே இருக்கும் வெளி ஓரம்தான் முதலில் நூல் நூலாகப் பிரியும். பிறகு காவி வெளிறி வெள்ளையோடு சேர்ந்துகொள்ளும். சக்கரத்தின் 24 ஆரங்களில் பாதி கண்ணுக்குத் தெரியாது. அதைத் தேசியக் கொடி என்று எந்தக் குழந்தைக்கும் காட்ட முடியாது.

கொடி விதிகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விதி உண்டு. ஏற்றும்போது விரைவாக ஏற்ற வேண்டும். இறக்கும்போது மெதுவாக, முறையான மரியாதையுடன் இறக்க வேண்டும். நாம் ஏற்றுவதை மட்டும் விழாவாக்கிவிட்டோம். காலையில் சிறப்பு விருந்தினர், பேண்டு வாத்தியம், பூ, மிட்டாய் எல்லாம் உண்டு. மாலையில் இறக்கப் பள்ளியின் பியூன் ஒருவர்தான் இருப்பார். பல பள்ளிகளில் அவர்தான், தரையில் படாமல் இரு கைகளிலும் ஏந்தி, அந்த நாளின் மிகச் சரியான மரியாதையைச் செய்கிறார். மாணவர்களை மாலையிலும் ஐந்து நிமிடம் நிற்க வையுங்கள் என்று தலைமை ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

புகாரா? வேண்டாம். தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் 1971, கொடியைப் பொது இடத்தில் எரிப்பவருக்கும் கிழிப்பவருக்கும் மிதிப்பவருக்கும் மூன்று ஆண்டுவரை சிறை விதிக்கிறது. மறதிக்காரரை அந்தக் கூண்டில் ஏற்றாதீர்கள். கோவையில் ஒரு கிறிஸ்துமஸ் விழாவில் மூவர்ணத்தில் செய்த கேக்கை வெட்டினார்கள் என்று வழக்குப் போட்டு, அது சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது. 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அதை ரத்து செய்தார். கொடியின் பெயரால் அண்டை வீட்டாரை மிரட்டுவதும் கொடிக்கு மரியாதை ஆகாது. அவர் ஆசையோடுதான் கட்டியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நீங்களே போய், "வாருங்கள், சேர்ந்தே இறக்குவோம்" என்று கூப்பிடுங்கள்.

இறக்கிய கொடியைத் துடைக்கும் துணியாக்கவோ குப்பைத் தொட்டியில் போடவோ கூடாது. சேதமான கொடியை வெட்டித் துண்டாக்காமல், முழுதாக, பிறர் பார்வை படாத தனியிடத்தில் அழிக்க வேண்டும். எரிப்பது நல்லது, அல்லது அதன் கண்ணியம் குறையாத வேறு வழி என்று விதி இடம் தருகிறது. பருத்தி என்றால் எரித்துவிடலாம். பாலியெஸ்டர் உருகிச் சொட்டும், கரும்புகை கிளம்பும். அதனால் என் யோசனை இது: காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்து, சக்கரம் மேலே தெரியும்படி இரு பக்கமும் மடக்கி, சுத்தமான துணியில் சுற்றித் தோட்டத்தில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். சட்டையில் குத்திய காகிதக் கொடிகளும் தெருவில் கிடக்கக் கூடாது. அவற்றையும் பொறுக்கி எடுத்துத் தனியே அழிக்க வேண்டும்.

அடுத்த முறை கதர்க் கடையில் பருத்திக் கொடியாக வாங்கச் சொல்லுங்கள். நீளமும் அகலமும் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.