காந்தப்புலத்தில் மீக்கடத்தி: கேள்வியும் பதிலும்

கேள்வி: மீக்கடத்திக்கு மின்தடையே இல்லை என்றுதானே படித்தோம்? காந்தப்புலத்தில் வைத்தால் தடை எங்கிருந்து வருகிறது?

பதில்: இட்ரியம்-பேரியம்-தாமிர ஆக்சைடு (ஒய்பிசிஓ) போன்றவை வலுவான புலத்தை முழுக்க வெளியே தள்ளுவதில்லை. மெல்லிய இழைகளாக உள்ளே விட்டுவிடும். ஒவ்வோர் இழையையும் சுற்றி மின்னோட்டம் சுழல்வதால் அதற்குச் சுழல் என்று பெயர். நாம் செலுத்தும் மின்னோட்டம் இந்தச் சுழல்களைப் பக்கவாட்டில் தள்ளும். அவை நகர்ந்தால் மின்னழுத்தம் தோன்றும், அதுதான் தடை. சுழல் அசையாத வரை தடை பூஜ்யம்.

கேள்வி: அசையாமல் எப்படி நிறுத்துவது?

பதில்: படிகத்தில் உள்ள குறைகளால்! சுழலின் நடுவில் மீக்கடத்தல் எப்படியும் செத்துப்போயிருக்கும். ஏற்கெனவே கெட்டுப்போன இடமாகப் பார்த்து உட்கார்ந்தால் அதற்கு ஆற்றல் மிச்சம். அதனால்தான் ஒய்பிசிஓ வகை மீக்கடத்தி நாடாக்களில் (பட்டையான கம்பிகளில்) பேரியம் சிர்கோனேட் நானோ துகள்களை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். படிகம் சுத்தமாக இருந்தால்தான் நல்லது என்று நம்பி வருபவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும்.

கேள்வி: பிஸ்மத் கலந்த தாமிர ஆக்சைடு வகை 110 கெல்வினிலேயே மீக்கடத்தியாகிறது, ஒய்பிசிஓவுக்கு 92தான். திரவ நைட்ரஜனில் பிஸ்மத்தானே மேல்?

பதில்: புலம் இல்லாவிட்டால் சரி. பிஸ்மத் வகையில் தாமிர-ஆக்சிஜன் அடுக்குகளுக்கு இடையே பிணைப்பு பலவீனம். சுழல் ஒரே இழையாக நிற்காமல் அடுக்குக்கு ஒரு வில்லையாகப் பிரிந்து நழுவும். அடுக்குகளுக்குச் செங்குத்தாகப் புலம் இருந்தால், திரவ நைட்ரஜனின் 77 கெல்வினில் 1 டெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) வருவதற்குள்ளேயே தடை எட்டிப்பார்க்கும். ஒய்பிசிஓ சில டெஸ்லா வரை தாங்கும். ஆனால் திரவ ஹீலியத்தின் 4.2 கெல்வினுக்கு இறக்கினால் பிஸ்மத்தும் நன்றாகவே உழைக்கும்.

கேள்வி: 9 டெஸ்லாவில் ஒய்பிசிஓ படலத்தை அளந்தேன். குளிர்விக்கும்போது தடை சட்டென்று விழாமல் நீண்ட வாலாக இறங்குகிறது. மாதிரி கெட்டுவிட்டதா?

பதில்: புலமில்லாமல் அளந்தபோது செங்குத்தாக விழுந்ததா? விழுந்திருந்தால் மாதிரி நலம். நியோபியம் போன்ற பழைய மீக்கடத்திகளில் தடை-வெப்பநிலை வளைகோடு மொத்தமாகத் தாழ்வெப்பப் பக்கம் நகரும். இங்கே மேல்முனை கிட்டத்தட்ட அப்படியே நிற்க, அடி மட்டும் இழுபடும். வெப்பத்தின் உலுக்கலில் சுழல்கள் பிடியிலிருந்து துள்ளித் துள்ளி நகர்வதுதான் அந்த வால். மின்னோட்டம் செலுத்த இரண்டு முனை, மின்னழுத்தம் பார்க்க வேறு இரண்டு முனை என்று வைத்திருப்பீர்கள்தானே? அப்புறம் புலத்தைப் படலத்துக்கு இணையாகத் திருப்பிப் பாருங்கள். வால் நன்றாகச் சுருங்கினால் அது சுழல்களின் வேலைதான்.

கேள்வி: புலத்தை ஏற்றிக்கொண்டே போய் மீக்கடத்தலை முழுக்க அழிக்க முடியுமா?

பதில்: தாழ்வெப்பத்தில், முழு ஆக்சிஜன் ஏற்றிய ஒய்பிசிஓவுக்கு 100 டெஸ்லாவும் போதாது. ஆக்சிஜனைக் குறைத்தால் வழி உண்டு. 2007-இல் அப்படிப்பட்ட படிகத்தில் 62 டெஸ்லா வரை துடிப்புப் புலம் (கணநேரம் மட்டும் நிற்கும் புலம்) கொடுத்து ஹால் தடையை, அதாவது மின்னோட்டத்துக்குக் குறுக்கே தோன்றும் மின்னழுத்தத்திலிருந்து கிடைக்கும் தடையை, அளந்தார்கள். அது புலத்தோடு ஏறி இறங்கி அலைந்தது. மீக்கடத்தல் ஒடுங்கியதும், உலோகங்களில் காணும் அதே அலைவு!