அப்பாவுக்கு வாசிக்காத 20 பக்கங்கள்

கேள்வி: சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலையைத் துப்பறியும் சரித்திர நாவல் ஒன்றை நூலகத்திலிருந்து எடுத்து வந்தேன். 600 பக்கம். கீழே வைக்க மனமில்லை. ஆனால் அதுவரை கதையில் தலைகாட்டாத ஒருவனைக் கடைசி 20 பக்கத்தில் கொண்டுவந்து, அவன்தான் கொலைகாரன் என்று முடித்துவிட்டார்கள். கண்பார்வை மங்கிய அப்பாவுக்கு இரவுதோறும் நான்தான் வாசித்துக் காட்டுவேன். முடிவை மட்டும் முன்கூட்டியே படித்து வெறுத்துப்போய், புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தவணை முடிந்துவிட்டதாக அப்பாவிடம் சொன்னேன். இனி எந்த எழுத்தாளரை நம்பிப் புத்தகம் எடுப்பது?
– வாசகி, வில்லிவாக்கம்

பதில்: எழுத்தாளர் செய்தது தவறுதான். கொலைகாரனை வாசகர் கண்முன்னே நடமாடவிட்டு, அப்படியும் கண்டுபிடிக்க முடியாமல் செய்வதுதான் அந்தக் கலை. இதே புகாரோடு எத்தனையோ கடிதங்கள் வந்துவிட்டன. இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய இன்னொரு வரிக்கு வருகிறேன். தவணை முடிந்துவிட்டதாக அப்பாவிடம் சொன்னீர்கள். 580 பக்கம் காது கொடுத்துக் கேட்டவர் அவர். மறுநாள் இரவும் உங்கள் குரலுக்காகக் காத்திருந்திருப்பார். எழுத்தாளர் உங்களுக்கு ஒரு மோசமான முடிவையாவது கொடுத்தார். நீங்கள் உங்கள் அப்பாவுக்கு அதைக்கூடக் கொடுக்கவில்லையே!

அவர் ஏமாறக் கூடாது என்றுதான் மறைத்தேன் என்பீர்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கண் மங்கினால் அறிவுமா மங்கிவிடும்? வயதானவர்களிடம் மருந்துச் செலவை மறைக்கிறோம், உறவில் நேர்ந்த சாவை மறைக்கிறோம், எல்லாம் முடிந்தபிறகு ஒப்புக்குச் சொல்கிறோம். அதற்குப் பாசம் என்று பெயர் வேறு. பெற்றவரைப் பேணுவது என்றால் வேளைக்குச் சோறும் மாத்திரையும் கொடுப்பது மட்டுமல்ல. நல்லது எது, மட்டமானது எது என்று தீர்ப்புச் சொல்லும் உரிமையைக் கடைசிவரை அவர் கையிலேயே விட்டுவைப்பதும் பிள்ளைகளின் கடமை.

இதே கொலையை முடிச்சாக வைத்துத்தான் கல்கி 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வ’னை வாரந்தோறும் எழுதினார். அது முடிந்தபோதும் வாசகர்களுக்குத் திருப்தி இல்லை. அவர்களுடைய கேள்விகளுக்காகவே அவர் தனியே ஒரு முடிவுரை எழுத வேண்டியிருந்தது. கொன்றது யார் என்ற வாதம் இன்றும் தமிழ் வீடுகளில் ஓயவில்லை. அப்படியொரு வாதத்தில் உட்காரும் இடத்தைத்தான் உங்கள் அப்பாவிடமிருந்து பறித்திருக்கிறீர்கள்.

காட்டுமன்னார்கோவில் பக்கம் உடையார்குடிக் கோயிலில், ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சோமன், அவன் தம்பி ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் என்று பெயர் சொல்லி, உறவினர்களின் சொத்து உட்படப் பறிமுதல் செய்ததைப் பதிவு செய்கிறது. ஏன் கொன்றார்கள், பின்னால் வேறு யாராவது இருந்தார்களா என்பதற்கு அதில் பதில் இல்லை. நிஜ வழக்கே இப்படி நிற்கிறது. இதையும் அப்பாவிடம் சொல்லுங்கள். இரண்டு நாளைக்கு அவருக்கு யோசிக்க விஷயம் இருக்கும்.

இந்தச் சனிக்கிழமையே நூலகத்துக்குப் போய் அதே புத்தகத்தை மறுபடி எடுத்து வாருங்கள். தவணை என்று சொன்னது பொய் என்பதை முதலில் அவரிடம் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு அந்த 20 பக்கத்தையும் ஒரு வரி விடாமல், குரலில் சலிப்பு தட்டாமல் வாசியுங்கள். முடித்தபின் புத்தகத்தை மூடிவிட்டு, அவர் வாய் திறக்கும்வரை உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லாதீர்கள்.