பிள்ளைகளுக்கு எழுதும் கடிதத்தில் வீட்டுப் பங்கையும் சேர்க்கலாமா?

ஐயா, மும்பை மாதுங்காவில் உள்ள வீடு யாருக்கு என்பதையும் மனத்தில் உள்ளதையும் ஒரே கடிதமாகப் பிள்ளைகளுக்கு எழுதிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். சொத்து உயிலில் இருக்கட்டும். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அதில் உங்கள் கையெழுத்தும் குறைந்தது 2 சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. கடிதத்தில் பங்கைப் பற்றி ஒரு வரி இருந்தாலும், நாளை அண்ணனும் தம்பியும் அதைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றப் படியேறலாம்.

கடிதத்தில் அறிவுரையைக் குறையுங்கள். "ஒழுக்கமாக வாழுங்கள்" என்பதை யார் இரண்டாம் முறை படிப்பார்கள்? திருநெல்வேலியை விட்டு ஏன் கிளம்பினீர்கள், தாராவியில் முதல் வாடகை அறையில் எத்தனை பேர் படுத்தீர்கள், விடியுமுன் குழாயடியில் குடத்தோடு யார் நின்றது, பெரியவனின் கல்லூரிக் கட்டணத்துக்கு அம்மாவின் எந்த வளையல் அடகுக்குப் போனது என்றெல்லாம் எழுதுங்கள். உங்கள் தம்பியோடு பேச்சு நின்றதையும் எழுதலாம். ஆனால் குற்றப்பத்திரிகையாக வேண்டாம், அவரும் படிக்கக்கூடும்.

பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்கிறீர்கள். (மும்பையில் இது வீட்டுக்கு வீடு உள்ள கதைதான்.) எழுதியதை நீங்களே வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்துவிடுங்கள். கடிதத்தை உயிலோடு ஒரே உறையில் வைக்காதீர்கள். முடிந்தால் இந்தப் பொங்கலுக்கே கையில் கொடுத்துவிடுங்கள்.