கொள்ளைநோயும் மனித இயல்பும் – கடிதம்

அன்புள்ள சார்,

2020ல் ஊரடங்கு அறிவித்த வாரத்தில் எல்லோரையும்போல நானும் பிரெஞ்சு எழுத்தாளர் காம்யுவின் கொள்ளைநோய் நாவலைக் கையில் எடுத்தேன். அப்புறம் லண்டன் பிளேக்கைப் பற்றி எழுதிய டீஃபோ, இத்தாலியரான பொக்காச்சியோ என்று தேடித் தேடிப் படித்தேன். அந்த ஆண்டு எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தொற்று வந்ததும் மாநகராட்சி ஆட்கள் வந்து வாசலில் தகரம் அடித்தார்கள். அந்த வீட்டில் வருஷக்கணக்காகக் காபி குடித்தவர்கள் எதிர்ப்பக்கமாக நடந்து போனார்கள். பால் போடுகிறவர் தெருமுனையிலேயே நின்றுவிட்டார். நானும் ஒன்றும் செய்யவில்லை. டீஃபோவின் லண்டனில் கதவில் சிவப்புச் சிலுவை, எங்கள் தெருவில் தகரம். எந்த நூற்றாண்டானாலும் மனித இயல்பு ஒன்றுதான், பயம் வந்தால் மனிதன் மிருகம்தான் என்று இந்தப் புத்தகங்கள் சொல்வதாகத் தோன்றுகிறது. அப்படியென்றால் இவற்றைப் படித்து என்ன ஆகப்போகிறது? இன்னொரு கேள்வி. இவ்வளவு பெரிய நிகழ்வைப் பற்றித் தமிழில் ஏன் ஒரு பெரிய நாவல் இன்னும் வரவில்லை?

ம.
சென்னை

அன்புள்ள ம.,

‘மனித இயல்பு ஒன்றுதான்’ என்ற வரியோடுதான் எனக்குத் தகராறு. கொள்ளைநோய்ப் புத்தகங்களைப் படித்த பலரும் அங்கேதான் வந்து நிற்கிறார்கள். ஒற்றுமைகள் அப்படி. கி.மு. 430ல் ஏதென்ஸில் நோய் பரவியபோது, எதிரிகள் பைரியஸ் துறைமுகத்தின் நீர்த்தொட்டிகளில் விஷம் கலந்துவிட்டதாக ஜனங்கள் பேசிக்கொண்டதை கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதியிருக்கிறார். அந்த நோய் வந்து பிழைத்தவர் அவர். 2020 ஏப்ரலில் பிரிட்டனில், 5ஜிதான் கொரோனாவுக்குக் காரணம் என்று நம்பிச் செல்போன் கோபுரங்களைக் கொளுத்தினார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் ‘நாம் இவ்வளவுதான்’ என்று ஒரு பெருமூச்சு வரும். அந்தப் பெருமூச்சில் ஒரு வசதியும் இருக்கிறது. விஷக் கதையைக் கட்டிவிட்டவன், அதை நம்பிக் கல்லெடுத்தவன், ஜன்னலை மூடிக்கொண்டு உள்ளே இருந்தவன் எல்லோரும் ‘மனிதன்’ என்ற ஒரே கணக்கில் சேர்ந்துவிடுகிறார்கள்.

இந்த வசதியைத் தரமாட்டேன் என்று மறுத்த ஒருவர் உங்கள் பட்டியலில் இல்லை. இத்தாலியின் அலெஸாண்ட்ரோ மன்ஸோனி. அவருடைய ‘இ ப்ரொமெஸ்ஸி ஸ்போஸி’ (மணம் நிச்சயிக்கப்பட்டவர்கள்) நாவல் ஒரு காதல் ஜோடியின் கதை. ஆனால் அதன் பிற்பகுதியில் 1630ஆம் ஆண்டின் மிலான் பிளேக் வந்து புத்தகத்தையே எடுத்துக்கொள்கிறது. முதலில் பிளேக்கே இல்லை என்கிறார்கள். அப்புறம் அது ஏதோ விஷக்காய்ச்சல். அப்புறம் பிளேக்தான், ஆனால் அசல் பிளேக் இல்லை. கடைசியில் அசல் பிளேக்தான், ஆனால் யாரோ விஷம் பூசிப் பரப்புகிறார்கள். ஜனங்களை நம்பவைக்க சுகாதார அதிகாரிகள், நோயில் செத்த ஒரு குடும்பத்தின் உடல்களைத் துணியில்லாமல் வண்டியில் ஏற்றித் திருவிழாக் கூட்டத்தின் நடுவே ஓட்டிப்போகிறார்கள். உடம்பிலிருக்கும் அடையாளங்களை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று.

ஜூன் 11ஆம் தேதி, மறைந்த பழைய பேராயர் புனித கார்லோவின் உடலைச் சுமந்துகொண்டு ஊர் முழுக்க ஒரு பெரிய ஊர்வலம் போகிறது. மிலானின் பேராயரான கர்தினால் முதலில் வேண்டாம் என்று மறுத்துப் பார்த்து, பிறகு இணங்கிய ஊர்வலம் அது. மறுநாளிலிருந்து சாவு எகிறுகிறது. அத்தனை பேர் ஒன்றாக நெருக்கியடித்து நடந்ததால்தான் என்று பெரும்பாலோருக்குத் தோன்றவில்லை. கூட்டத்துக்குள் விஷம் பூசுகிறவர்கள் புகுந்துவிட்டார்கள், அவர்கள் தூவிய பொடி தரையில் இழுபட்ட அங்கிகளிலும் வெறுங்கால்களிலும் ஒட்டிக்கொண்டது என்கிறார்கள்.

பத்து நாள் கழித்து, ஜூன் 21 விடிகாலை. மழை. ஜன்னலில் நின்ற ஒரு பெண் தெருவைப் பார்க்கிறாள். கறுப்பு மேலங்கி போட்ட ஒருவன், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கையில் காகிதத்தோடு, எதையோ எழுதுகிறவன்போல வருகிறான். சுவரை ஒட்டியே நடக்கிறான். அவ்வப்போது கையைச் சுவரில் தேய்க்கிறான். அவ்வளவுதான் அவள் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் தெருவே கூடிச் சுவர்களில் மஞ்சளாக ஏதோ பூசியிருப்பதைக் ‘கண்டுபிடித்து’, வைக்கோலைக் கொளுத்தித் தீய்க்கிறது. மழை பெய்யும்போது சுவரோரமாக ஒதுங்கித்தான் யாரும் நடப்பார்கள் என்பதை மன்ஸோனி போகிறபோக்கில் சொல்கிறார். விரலில் மை பட்டால் துடைக்கத்தான் வேண்டும். அவன் பெயர் குல்யெல்மோ பியாட்ஸா. சுகாதார வாரியத்தின் ஊழியன். நோயாளிகளைப் பார்த்துக் குறித்துக்கொள்வதுதான் அவன் வேலை.

அவனைப் பிடித்து, சுவரில் பூசியிருந்த விஷயம் தெரியுமா என்று கேட்கிறார்கள். தெரியாது என்கிறான். அது நம்பும்படி இல்லை என்று நீதிபதிகள் முடிவு செய்கிறார்கள். சித்திரவதைக்கு அது போதும். இரண்டு முறை தாங்கிக்கொண்டவன், உண்மையைச் சொன்னால் தண்டனை இல்லை என்று ஆசை காட்டியதும், ஜான் ஜாக்கமோ மோரா என்ற நாவிதரைக் கைகாட்டுகிறான். பிளேக் வராமல் தடுக்கும் தைலம் ஒன்றைச் செய்து தருவதாக மோரா அவனிடம் சொல்லியிருந்தார், தொடர்பு அவ்வளவுதான். சித்திரவதையில் மோரா, நான் என்ன சொல்லவேண்டும் என்று பாருங்கள், அதைச் சொல்லிவிடுகிறேன் என்கிறார். ஆகஸ்ட் 1ஆம் தேதி இருவரையும் சக்கரத்தில் கட்டிக் கொன்றார்கள். மோராவின் வீட்டை இடித்து, அங்கே ஒரு அவமானத் தூணை நட்டார்கள். அது 1778 வரை நின்றது.

இந்த வழக்கு பற்றி மன்ஸோனிக்கு முன்பே இத்தாலியச் சிந்தனையாளர் பியெத்ரோ வெர்ரி எழுதியிருந்தார். காலத்தின் அறியாமை, சித்திரவதையை அனுமதித்த சட்டம், இந்த இரண்டும்தான் குற்றவாளிகள் என்பது அவர் வாதம். நல்ல வாதம், சித்திரவதைக்கு எதிரான வாதம். மன்ஸோனி அதையே மறுத்து, தன் நாவலின் 1840-42 பதிப்போடு ஒரு தனி நூலைச் சேர்த்தார். இத்தனைக்கும் அவர் தாய்வழித் தாத்தா, சித்திரவதைக்கு எதிராக எழுதிப் புகழ்பெற்ற பெக்காரியா. அந்தக் கால அறியாமையோடும் அந்தச் சட்டத்தோடுமே அந்த நீதிபதிகளுக்கு உண்மை தெரிந்திருக்க முடியும், தெரிந்துகொள்ள அவர்கள் விரும்பவில்லை என்கிறார் மன்ஸோனி. ஆதாரமும் வைத்திருக்கிறார். அதே வழக்கில் பதில்லா என்ற படைத்தலைவனும் மாட்டிக்கொண்டான். மிலான் கோட்டைத் தளபதியின் மகன். அவனுக்கு வாதாட அவகாசம் கிடைத்தது, சாட்சிகள் கிடைத்தார்கள். கடைசியில் விடுதலை. ஊர் அதே ஊர், சட்டம் அதே சட்டம், பிளேக்கும் அதே பிளேக்.

இதைப் படித்தபிறகு ‘மனித இயல்பு’ என்று என்னால் நிறுத்திக்கொள்ள முடிவதில்லை. 2020 மார்ச் இறுதியில் டெல்லி மத மாநாட்டுச் செய்தி வந்ததும், நாட்டின் பல ஊர்களில் காய்கறி வண்டிக்காரரிடம் பெயர் கேட்டு, முஸ்லிம் என்றால் வாங்காமல் திருப்பி அனுப்பினார்கள். அந்த மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டினர் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்று ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு சொன்னது. அடுத்த ஆண்டு தேர்தல் கூட்டங்களில் ஜனங்கள் முகக்கவசமில்லாமல் முண்டியடித்தார்கள். அதற்காகச் சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் ஆணையத்தைக் கடிந்துகொண்டது. ஆனால் எந்த வண்டிக்காரரிடமும் நீ எந்தக் கட்சி என்று யாரும் கேட்கவில்லை. பயம் எல்லோருக்கும் பொதுதான். யாரைப் பார்த்துப் பயப்படுவது என்பதை யாரோ உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள்.

சரி, கெட்டவர்களை ஒருபக்கமும் நல்லவர்களை ஒருபக்கமும் நிறுத்திவிடலாமா என்றால், மன்ஸோனி அதற்கும் விடமாட்டார். லுதொவிக்கோ செத்தாலா என்ற முதிய மருத்துவர், வந்திருப்பது பிளேக்தான் என்று ஆரம்பத்திலேயே சொன்னவர். டாக்டர்களுக்குப் பிழைப்பு வேண்டும் என்பதற்காக ஊரைப் பயமுறுத்துகிறான் கிழவன் என்று ஒரு கும்பல் அவரைச் சூழ்ந்துகொள்கிறது. பல்லக்குத் தூக்கிகள் பக்கத்திலிருந்த நண்பர் வீட்டுக்குள் கொண்டுபோய்க் காப்பாற்றுகிறார்கள். நமக்கு அவர்மேல் மரியாதை பொங்கும் அதே இடத்தில் மன்ஸோனி இன்னொன்றையும் சொல்லிவைக்கிறார். வேறொரு சமயம், எஜமானுக்கு வயிற்றுவலி வந்ததற்காக ஒரு ஏழைப் பெண்ணைச் சூனியக்காரி என்று எரித்தபோது, அதற்குத் துணைபோன கருத்தைச் சொன்னவரும் இதே செத்தாலாதான். இப்படி ஒரு பத்தி காம்யுவிடம் கிடையாது என்பது என் எண்ணம். அவருடைய ஓரான் நகரத்தில் நோய் ஒரு உருவகமாகிவிடுவதால், மனிதர்கள் கொஞ்சம் சுத்தமாகவே இருக்கிறார்கள். அந்த அல்ஜீரிய நகரத்தில் அரபுக்காரர்கள் கண்ணிலேயே படுவதில்லை என்ற புகாரும் நியாயமானதுதான்.

நானும் ஒன்றும் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தெருமுனையில் நின்றுவிட்ட பால்காரர்மேல் எனக்குக் கோபமில்லை. டீஃபோவில் ஒரு படகோட்டி வருகிறான். வீட்டுக்குள் பெண்டாட்டி பிள்ளைகள், நோய் நுழைந்த வீடு. பகலெல்லாம் தேம்ஸில் நிற்கும் கப்பல்களுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுத்துச் சம்பாதிக்கிறான். பணத்தையும் சாப்பாட்டையும் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டுத் தூர நின்று குரல் கொடுக்கிறான். அவள் வந்து எடுத்துக்கொள்கிறாள். அவனுக்கும் பயம்தான், கிட்டப் போகவே இல்லை. 2020 ஏப்ரலில் நம் சென்னையில், கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரை அடக்கம் செய்ய வந்தவர்களைக் கல்லாலும் கட்டையாலும் அடித்து விரட்டினார்களே, அவர்களுக்கு இருந்ததும் பயம்தான். இரண்டையும் எப்படி ஒரே பெயரில் அழைப்பது? உங்கள் தெருவில் தகரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பால் பாக்கெட்டை வைத்துவிட்டுக் குரல் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை என்பது தனி விஷயம்.

உருதுவில் ராஜிந்தர் சிங் பேதியின் ‘குவாரண்டைன்’ சிறுகதையையும் தேடிப் பாருங்கள். கதை சொல்பவர் ஒரு டாக்டர். எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்துக்கொண்டு, கையைக் கழுவிக் கழுவி நோயாளிகளைப் பார்க்கிறார். பாகு என்ற துப்புரவுத் தொழிலாளி விடியும் முன்பே எழுந்து, கொஞ்சம் சாராயம் குடித்துவிட்டு, சாக்கடை ஓரமெல்லாம் சுண்ணாம்பு தூவிக்கொண்டு போகிறான். முடிவில் பாராட்டு விழாவும் மாலையும் பதவி உயர்வும் டாக்டருக்கு. மனைவியைப் பறிகொடுத்த பாகு துடைப்பத்தோடு வந்து டாக்டரை வாழ்த்துகிறான். நம் தெருக்களில் பிளீச்சிங் பவுடர் தூவியவர்களை நாம் எவ்வளவு பார்த்தோம் என்று கேட்டால் பதில் சொல்லக் கஷ்டம்தான்.

தமிழ் நாவல் பற்றிய உங்கள் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. அவசரமில்லை. லண்டன் பிளேக் 1665ல் வந்தபோது டீஃபோ சின்னக் குழந்தை. புத்தகம் வந்தது 1722ல். மன்ஸோனிக்கு இருநூறு ஆண்டு இடைவெளி. 1918 இன்ஃப்ளூயன்சாவில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் செத்தார்கள், இலக்கியத்தில் அதன் தடம் மிகக் குறைவு. அதில் மனைவியை இழந்த இந்திக் கவிஞர் நிராலா, கங்கையில் பிணங்கள் மிதந்ததை எழுத இருபது வருஷம் ஆயிற்று. 2021 மே மாதம் பிஹாரின் பக்ஸரில் கங்கையில் பிணங்கள் கரை ஒதுங்கியபோது அந்தப் பக்கங்களைத்தான் பலரும் எடுத்துப் போட்டார்கள்.

மன்ஸோனியை முழுதாகப் படிக்க நேரமில்லை என்றால் 31, 32ஆம் அத்தியாயங்களை மட்டும் படியுங்கள். முன்கதை தெரியவேண்டியதில்லை, அந்தக் காதல் ஜோடி அங்கே தலைகாட்டுவதே இல்லை. ஆங்கிலத்தில் பல மொழிபெயர்ப்புகள் கிடைக்கின்றன. பியாட்ஸா, மோரா கதை மட்டும் அந்தத் தனி நூலில் இருக்கிறது, எல்லாப் பதிப்புகளிலும் அதைச் சேர்ப்பதில்லை. பார்த்து வாங்குங்கள்.