28 சதவீதத்தில் அணைந்துபோகும் லினக்ஸ் போன்: பேட்டரி கெட்டுவிட்டதா?

கேள்வி: பைன்போன் என்ற லினக்ஸ் போனில் போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிப் பயன்படுத்துகிறேன். 28 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே போன் அணைந்துவிடுகிறது. சார்ஜரில் மாட்டி, திரையை அணைக்காமல் ஒரு மணி நேரம் பயன்படுத்தினால் 3 சதவீதம்தான் ஏறுகிறது. பேட்டரியை மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

சதவீதம் என்பது அளந்த எண் அல்ல, கணித்த எண். உண்மையில் அளக்கப்படுபவை மின்னழுத்தமும் மின்னோட்டமும். இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னல் இந்த இரண்டையும் சாதாரண எழுத்துக் கோப்புகளாகத் திறந்து வைத்திருக்கிறது. திறந்த மூல போனில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைத் திறந்து, 'சிஸ்' கோப்பகத்துக்குள் 'கிளாஸ்', அதற்குள் 'பவர் சப்ளை' என்று போங்கள். பேட்டரிக்கு ஒன்று, யூஎஸ்பிக்கு ஒன்று எனத் தனித்தனிக் கோப்பகங்கள் இருக்கும். பேட்டரியின் 'வோல்டேஜ் நவ்' கோப்பில் 3712000 என்று இருந்தால் அது மைக்ரோவோல்ட் கணக்கு, அதாவது 3.712 வோல்ட். 'கரன்ட் நவ்' கோப்பில் 412000 என்றால் 412 மில்லி ஆம்பியர். மின்னோட்டத்தின் முன்னால் வரும் கழித்தல் குறியை மட்டும் நம்ப வேண்டாம், அது டிரைவருக்கு டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) மாறுகிறது. சார்ஜ் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதை 'ஸ்டேட்டஸ்' கோப்பில் பாருங்கள்.

முதலில் சார்ஜ் விஷயம். எவ்வளவு மின்னோட்டம் எடுக்கலாம் என்று சார்ஜருடன் நடக்கும் பேச்சுவார்த்தை சரியாக நடக்காவிட்டால், போன் பாதுகாப்புக்காக 500 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்காது. 5 வோல்ட்டில் அது வெறும் 2.5 வாட். திரையும் மோடமும் சேர்ந்து 2 வாட் தின்றால் பேட்டரிக்கு மிஞ்சுவது அரை வாட். மணிக்குச் சுமார் 100 மில்லி ஆம்பியர் மணி ஏறும். 2800 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியில் அது 3 சதவீதம் சொச்சம். நீங்கள் கண்ட கணக்கு அப்படியே வருகிறது!

யூஎஸ்பி கோப்பகத்தில் உள்ள 'இன்புட் கரன்ட் லிமிட்' கோப்பைப் பாருங்கள். 500000 என்று இருந்தால் காரணம் இதுதான். முதலில் கேபிளையும் சார்ஜரையும் மாற்றிப் பாருங்கள். பலருக்கு அதிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால், ரூட் (முழு நிர்வாகி) அனுமதியோடு அந்தக் கோப்பில் 1500000 என்று எழுதலாம். ஆனால் உங்கள் சார்ஜர் 1.5 ஆம்பியர் தரக்கூடியது என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்க வேண்டும். கணினியின் யூஎஸ்பி துளையில் மாட்டிக்கொண்டு இதைச் செய்யவே செய்யாதீர்கள். எழுதிய மதிப்பு மறுதொடக்கத்தில் அழிந்துவிடும். அதுவும் நல்லதுதான்; தவறு செய்தாலும் போன் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இனி 28 சதவீதம். ஒருமுறை முழுதாகச் சார்ஜ் செய்து, போன் தானாக அணையும் வரை பயன்படுத்தி, மீண்டும் இடைவிடாமல் முழுதாக ஏற்றுங்கள். பேட்டரியின் கொள்ளளவு பற்றிய கணிப்பு இதில் பெரும்பாலும் திருந்திவிடும். இதை வழக்கமாக்க வேண்டாம். அடியோடு வற்றவிடுவது லித்தியம் பேட்டரிக்கு ஆகாது.

அப்போதும் திருந்தாவிட்டால் ஒரு சோதனை. திரையை மங்கலாக்கி மின்னழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி, மொபைல் இணையத்தில் பெரிய கோப்பு ஒன்றை இறக்கிக்கொண்டே மீண்டும் பாருங்கள். 3.75 வோல்ட் 3.68 ஆனால் கவலையில்லை. 3.4-க்குச் சரிந்தால் பேட்டரியின் உள்தடை, அதாவது பேட்டரிக்குள்ளேயே மின்னோட்டத்துக்கு இருக்கும் தடை, ஏறிவிட்டது. மின் மேலாண்மைச் சிப் போனை அணைப்பது அதனால்தான். அப்போது மாற்றிவிடுங்கள். பைன்போனின் பின்மூடி நகத்தாலேயே திறக்கும். 2015ஆம் ஆண்டு வெளிவந்த சாம்சங் கேலக்ஸி ஜே7 போனுக்கான பேட்டரியே இதற்கும் பொருந்தும்.