மாவுக்கட்டைப் பிரித்ததும் தொடை ஏன் இளைத்திருக்கிறது?

கேள்வி: வயது 38. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தொடை வரை மாவுக்கட்டோடு 6 வாரம் இருந்தேன். கட்டைப் பிரித்துப் பார்த்தால் அந்தத் தொடையின் சுற்றளவு மற்றதைவிட 3 செ.மீ. குறைவு. இத்தனைக்கும் நன்றாகத்தான் சாப்பிட்டேன். தசை செத்துவிட்டதா? புரோட்டீன் பவுடர் குடித்தால் சரியாகுமா?

பதில்: சாகவில்லை, பயப்படாதீர்கள். இடையிலேயே கட்டின் மேல் விளிம்பில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருக்குமே? கட்டு தளர்ந்துவிட்டது என்று பலர் அப்போது ஓடி வருவார்கள். வீக்கம் வடிந்தது போக, மீதி உள்ளே கால் இளைத்ததுதான்.

தசை நார்களின் எண்ணிக்கை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது; ஒவ்வொரு நாரும் மெலிந்திருக்கிறது. தசையில் தினமும் பழைய புரதம் உடைந்துகொண்டும் புதியது உருவாகிக்கொண்டும் இருக்கும். புதியதைக் கட்டச் சொல்லும் முக்கியமான கட்டளை எம்டார் என்ற புரதத்தின் வழியாக வருகிறது. எடை தாங்கினால், சுருங்கி விரிந்தால் அது விழிப்பாக இருக்கும். அசையாத காலில் அது மந்தமாகிவிடும். மனிதர்களிடம் இழப்புக்குப் பெரிய காரணம் இதுதான். நீங்கள் சாப்பிட்ட புரதம் ரத்தத்தில் வந்து நின்றாலும், அந்தத் தொடை அதை முன்போல எடுத்துக்கொள்ளவில்லை. நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தது அதனால்தான்.

உடைக்கும் பக்கமும் சும்மா இருப்பதில்லை. ஏகேடி என்ற புரதம் வேலை செய்யும்வரை ஃபாக்ஸோ என்ற இன்னொரு புரதத்தை செல்லின் உட்கருவுக்குள் விடாது. ஏகேடி ஓய்ந்தால் ஃபாக்ஸோ உள்ளே போய் அட்ரோஜின்-1, மர்ஃப்-1 என்ற இரண்டு மரபணுக்களை முடுக்கிவிடும். 2001-இல் அடையாளம் காணப்பட்டவை இவை. ‘இதை உடை’ என்று புரதங்களின் மேல் யூபிக்விட்டின் என்ற சீட்டை ஒட்டுவது இவற்றின் வேலை. சீட்டு ஒட்டியதை, புரோட்டியசோம் என்ற செல்லின் நறுக்கும் கருவி துண்டு துண்டாக நறுக்கிவிடும். இதை நிறுத்த மாத்திரை கிடையாதா என்று கேட்பார்கள். கெட்டுப்போன புரதங்களை உடம்பு முழுக்க அப்புறப்படுத்துவதும் இதே ஏற்பாடுதான். நினைத்தபடி இழுத்து மூட முடியாது.

3 செ.மீ. உங்களைக் கவலைப்படுத்துகிறது. எனக்கு அதைவிட முக்கியம், படியிறங்கும்போது முட்டி தாங்காமல் மடங்கிவிடுகிறதா என்பது. ஆரோக்கியமான இளைஞர்களின் காலில் 2 வாரம் கட்டுப் போட்டுப் பார்த்த ஆய்வில் தொடைத் தசை சுமார் 8 சதவீதம் குறைந்தது. பலமோ 23 சதவீதம் போய்விட்டது. நரம்பு தசையை முழுதாகத் தூண்ட மறந்துவிடுவதும் அதில் சேர்த்தி. டேப்புக்கு இது தெரியாது.

ஆகவே பவுடர் மட்டும் போதாது, தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழே அழுத்தி 5 விநாடி பிடியுங்கள். முட்டிச் சில்லு தொடைப் பக்கம் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள். 10 முறை, நாளைக்கு மூன்று நான்கு வேளை. நல்ல காலுக்கும் பயிற்சி கொடுங்கள். அதன் பலன் நரம்பு வழியே இந்தக் காலுக்கும் கொஞ்சம் வரும். அப்புறம், எவ்வளவு எடை ஊன்றலாம் என்று எலும்பு மருத்துவர் சொன்ன பிறகு, நாற்காலியிலிருந்து எழுவது, படி ஏறுவது, எடைப் பயிற்சி என்று பிசியோதெரபிஸ்ட் ஒவ்வொன்றாகக் கூட்டுவார். இளைத்தது வாரங்களில், தேறி வர மாதங்கள் ஆகும்.

புரதம் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளைக்கு 1.2 கிராம் அளவில் இருந்தால் நல்லது. 70 கிலோ என்றால் 84 கிராம். சாப்பாட்டிலேயே அது வந்துவிட்டால் பவுடர் வேண்டாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் கேட்காமல் கூட்டாதீர்கள்.

கெண்டைக்கால் வீங்கி, சூடாகி, வலித்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள், ரத்தக்கட்டாக இருக்கலாம். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவு. பாதத்தை மேலே தூக்க முடியாமல் தொங்கினால், அது இளைத்த தசையின் பலவீனம் அல்ல. முட்டிக்குப் பக்கவாட்டில் ஓடும் நரம்பு கட்டில் அழுந்தியிருக்கக்கூடும். பயிற்சியில் சரியாகும் என்று காத்திருக்காமல் காட்டுங்கள்.